பிளம் மரத்தில் தொங்கிய பென்டிரைவ்

வெலிச்கா தோனெவா பதினேழாவது தடவையாக முழங்கால் தைலத்தை மூடினாள். மூடிய இடத்தில் இரண்டு முழங்கால் தைலங்கள் முளைத்தன.

கம்ப்யூட்டர் திரை முழுக்க அதே விளம்பரம்தான். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் யாரோ ஒரு கிழவரின் முழங்காலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். திங்கட்கிழமை, ‘ஆய்வாளர் வருகை, அவசரம்’ என்று வந்த ஒரு மெயிலை வெலிச்கா திறந்தபோது ஒரே ஒரு டாக்டர்தான் இருந்தார். புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நாற்பது பேர் ஆகிவிட்டார்கள்.

வேறு நாளாக இருந்தால் திரைமேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் பின்னல் ஊசியைக் கையில் எடுத்திருப்பாள். இன்று முடியாது. இன்று மூன்று மணிக்கு மாவட்டத்திலிருந்து நிஜமாகவே ஆய்வாளர் வருகிறார். கீழ் ஒராஷா வாசகசாலையில் எத்தனை வாசகர்கள் என்று எண்ணப் போகிறார். இருநூறு பேர் இருந்தால் வாசகசாலை பிழைக்கும். ஒருவர் குறைந்தாலும் பூட்டுத்தான். புத்தகங்கள், விறகு அடுப்பு, பெண்கள் பாட்டுக் குழுவின் பன்னிரண்டு பாவாடைகள் எல்லாம் மேல் ஒராஷாவுக்குப் போய்விடும். முப்பத்தொரு வருடமாக இங்கே செயலாளராக இருக்கும் வெலிச்காவும் போக வேண்டும். போய், மேலூர் வாசகசாலைச் செயலாளர் சோன்காவின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

சோன்காவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் சோன்கா தக்காளிச் செடிக்கு வரும் நோய்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை இந்த வாசகசாலையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். கேட்டபோது, எப்போதோ தந்துவிட்டேனே என்றாள். தரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அந்தச் சோன்காவிடம் லீவு கேட்டு நிற்பதற்குப் பதில் வெலிச்கா லீவே இல்லாமல் இருந்துவிடுவாள்.

பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் இருந்தன. பட்டியல் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வாசலை நாற்பது டாக்டர்கள் மறித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது திரையின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. ‘உங்கள் கம்ப்யூட்டரில் 312 கிருமிகள் உள்ளன. இலவசமாகச் சுத்தம் செய்ய அழுத்தவும்.’ வெலிச்காவுக்கு நன்றி பொங்கியது. அழுத்தினாள். டாக்டர்கள் அப்படியே இருக்க, அவர்களுக்கு நடுவில் முடி வளர்க்கும் எண்ணெயோடு ஒரு பெண்ணும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

எதிர் அறையில் இருந்த ஊர் மேயர் ராங்கெல் சத்தம் கேட்டு வந்தார்.

“என்ன பண்ணினே?”

“சுத்தம் பண்றேன்னு சொல்லிச்சு ராங்கெல் அண்ணே. சரின்னேன்.”

“யாரு சொன்னது?”

“அதுதான்.”

“திருடனே வந்து வீட்டைப் பெருக்கித் தர்றேன்னா, சாவியைக் கையில கொடுத்துட்டு வெளியில நிப்பியா?”

“அப்ப நீங்களே ஏதாவது பண்ணுங்க.”

ராங்கெலுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வீட்டில் டிவி மக்கர் செய்தால் அதைத்தான் செய்வார். குனிந்து, சுவரிலிருந்து பிளக்கை ஒரே இழுப்பாக இழுத்தார். பத்து எண்ணினார். திரும்பச் செருகினார்.

முன்பெல்லாம் பாஸ்வேர்டு கேட்ட பிறகுதான் டாக்டர் வருவார். இப்போது பாஸ்வேர்டு கேட்கும் முன்பே வந்துவிட்டார்.

“கோபம் வந்துடுச்சு அதுக்கு” என்றாள் வெலிச்கா.

ராங்கெல் தன் அக்கா மகன் யாசெனுக்குப் போன் போட்டார். டவுனில் இருக்கும் ஊறுகாய் ஃபாக்டரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

“முழங்காலா, முடியா?” என்றுதான் முதலில் கேட்டான் யாசென்.

“முழங்கால்ப்பா. இப்ப முடியும் வந்திருக்கு.”

“காலையிலேருந்து எனக்கு இது ரெண்டாவது முழங்கால், வெலிச்கா அத்தை.”

முதல் முழங்கால் யாருடையது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தன் பாடே பெரும்பாடாக இருந்தது.

“நல்லாக் கேட்டுக்கோங்க. உள்ளே இருந்துக்கிட்டு அதைப் பிடிக்க முடியாது. கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சா அதுவும் சேர்ந்து முழிச்சுக்கும். அது தூங்கும்போதே வெளியிலேருந்து வேற ஒரு சின்ன சிஸ்டத்தைக் கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணி, தூக்கத்துலயே அமுக்கணும். அதுக்கு ரெஸ்க்யூ பென்டிரைவ்னு பேரு. இங்க நல்ல மெஷின்ல போட்டு அனுப்பறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

“மாமா தொட்டுட்டாரேப்பா.”

“மாமாவையும் தொட விடாதீங்க. பத்து இருபதுக்குக் கிளம்புற பஸ்ல மின்சோ அண்ணன்கிட்டக் கொடுத்து விடறேன். தொலைஞ்சுடக் கூடாதேன்னு சிவப்பு வெள்ளை நூல் கட்டி விடறேன். பார்த்ததும் தெரியும்.”

வெலிச்காவுக்கு மூச்சு வந்தது. டிரைவர் மின்சோவின் பஸ்ஸில் கொடுத்துவிட்ட எதுவும் இதுவரை தொலைந்ததில்லை. மாத்திரை, டிராக்டர் பெல்ட், சூடு ஆறாத பனிட்சாப் பலகாரம், ஒருமுறை குட்டி போட்ட பூனை, எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன.

பதினோரு மணிக்கு பஸ் நின்றதும் முதல் ஆளாகப் படிக்கட்டில் ஏறினாள்.

“மின்சோ அண்ணே, யாசென் கொடுத்தது எங்க?”

மின்சோவின் முகமெல்லாம் பல்லாக இருந்தது. “வெலிச்கா! நாரை வந்துடுச்சு! மேலூர் திருப்பத்துல, கரண்டுக் கம்பம் மேல. இந்த வருஷத்து முதல் நாரை. பஸ்ஸை நிறுத்திட்டு எல்லாரும் இறங்கிட்டோம்.”

“சந்தோஷம். யாசென் கொடுத்தது எங்க?”

“நூல் கட்டின சாமானா? மரத்துல.”

“எந்த மரத்துல?”

“நாரையைப் பார்த்தா வேற என்ன செய்வாங்க?”

அதுவும் நியாயம்தான். மார்ச் முதல் தேதி கையில் கட்டிக்கொண்ட சிவப்பு வெள்ளை நூலை, மார்த்தெனிட்சாவை, முதல் நாரையைப் பார்த்ததும் அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டாமல் யார் இருப்பார்கள்? பஸ்ஸில் வந்த எல்லோரும் அவரவர் நூலைக் கட்டினார்கள். மின்சோ தன் கையில் இருந்ததைக் கட்டினார். கண்ணாடியில் தொங்கியது, சாவிக்கொத்தில் தொங்கியது, யாசென் ஜன்னல் வழியாக நீட்டியது என்று நூல் இருந்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

“அதுல ஒரு இரும்புத் துண்டு இருந்துச்சே, பார்க்கலையா?”

“பார்த்தேன். இந்தக் காலத்துல எதெதுலயோ பண்றாங்க. என் பேத்தி போன வருஷம் பேட்டரி போட்டு மினுக்குற மார்த்தெனிட்சா கொடுத்தா. நான் ஏதாவது கேட்டேனா?”

பின்னால் வந்து நின்ற ராங்கெல் கேட்டார். “கட்டும்போது என்ன வேண்டிக்கிட்டே?”

“சொன்னா பலிக்காது” என்றார் மின்சோ.

ராங்கெலின் பழைய காரில் மேலூர் திருப்பத்துக்கு நாலு கிலோமீட்டர். பிளம் மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கீழே இருந்து பார்த்தால் பூவைவிட நூல்தான் அதிகம் தெரிந்தது. நாரை கம்பத்தின் மேல் நின்றுகொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி அலகால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

மரத்தடியில் ஒரு நாற்காலி. நாற்காலியின் மேல் சோன்கா.

வெலிச்காவுக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. ஆனால் மூன்று மணி நினைவுக்கு வந்தது. ராங்கெல் காரைவிட்டு இறங்கவில்லை. கட்டிய மார்த்தெனிட்சாவை மரத்திலிருந்து அவிழ்ப்பது அடுத்தவரின் ஒரு வருட ஆரோக்கியத்தை அவிழ்ப்பது மாதிரி. அதைச் செய்யும்போது பக்கத்தில் ஒரு மேயர் நின்றார் என்று பேச்சு வரக் கூடாது. சீட்டில் சரிந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“என்னடி இது, கீழூர்க் காத்து இந்தப் பக்கம் வீசுது?” என்றாள் சோன்கா, கிளைக்குள்ளிருந்து முகத்தை எடுக்காமல்.

“நாரை வந்துருக்காமே. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நாரை கம்பத்துல இருக்கு. நீ மரத்தைப் பார்க்கறே.”

“நீ நாற்காலி மேல ஏறி என்ன பண்றே?”

“பூ எண்றேன். இந்த வருஷம் எப்படிக் காய்க்கும்னு பார்க்கத்தான்.”

“எத்தனை ஆச்சு?”

“நல்லா எண்ணிட்டிருந்தேன். நீ வந்து கெடுத்துட்டே. இனிமே முதல்லேருந்து எண்ணணும்.”

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆய்வாளர் இரண்டு மணிக்கு மேலூரில் இதே இருநூறு கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வருகிறார். ‘பாவம் சார், கீழே கம்ப்யூட்டர் படுத்துடுச்சாம், பட்டியலே இல்லையாம்’ என்று சோன்கா உச்சுக்கொட்டிக்கொண்டே காபியை நீட்டும் காட்சி வெலிச்காவின் கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு, நாரையை ரசிப்பவள் போல மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். சோன்கா மேல்கிளைகளில் பூ எண்ணினாள். இவள் கீழ்க்கிளைகளில் நாரையைப் பார்த்தாள்.

மூன்றாவது சுற்றில் கிடைத்தது. குஞ்சலங்களுக்கு நடுவில், கட்டைவிரல் அளவில் கறுப்பாக, கழுத்தில் சிவப்பு வெள்ளை நூலோடு. அவிழ்க்க நேரமில்லை. பல்லால் கடித்து அறுத்துச் சட்டைக் கைக்குள் தள்ளினாள்.

அதே நேரம் மேலே சோன்கா, “அப்பாடா!” என்றாள். பிறகு, “அப்பப்பா, என்ன வெயில்” என்று சேர்த்துக்கொண்டாள். மார்ச் மாதம். இருவரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள்.

சோன்காவின் மூடிய கை ஏப்ரன் பைக்குள் போவதை வெலிச்கா பார்த்துவிட்டாள். யாருடைய நூலையோ அவிழ்த்து எடுத்துவிட்டாள் பாவி. மேலூர்க்காரர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது! தன் சட்டைக் கைக்குள் இருப்பதை அவள் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

“எனக்கு வேலை இருக்குடி” என்றாள் சோன்கா.

“எனக்கும்தான்.”

சோன்கா குதித்து இறங்கி, ஐம்பத்தாறு வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் ஊருக்குள் போனாள். நாற்காலியை மரத்தடியிலேயே விட்டுவிட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் இருவரும் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை என்று காரில் வரும்போதுதான் வெலிச்காவுக்கு உறைத்தது.

பன்னிரண்டு மணிக்குப் பென்டிரைவைச் செருகினார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்கள்.

“திரை எரிஞ்ச உடனே எஃப் பன்னிரண்டை அழுத்துங்க” என்றான் யாசென். “கொஞ்சம் விட்டாலும் அது பழைய வழியிலயே போயிடும். போனா முழங்கால்தான்.”

வெலிச்கா நிதானமானவள். திரை முழுதாக எரிந்து முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்து அழுத்தினாள். முழங்கால். இரண்டாம் தடவை அவசரத்தில் எஃப் பதினொன்றை அழுத்தினாள். முழங்கால். மூன்றாம் தடவை ராங்கெல், “இப்போ!” என்று கத்திய கத்தலில் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

“நகரு” என்றார் ராங்கெல். பொத்தானை அமுக்கிவிட்டு, எஃப் பன்னிரண்டைக் கோழி கொத்துவது போல விடாமல் கொத்தினார்.

திரை கறுப்பானது. வெள்ளை எழுத்தில் நாலு வரி வந்தது. அதில் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான் யாசென். கொஞ்ச நேரத்தில் நீல நிறத்தில், ஒரு படம்கூட இல்லாத, துடைத்துவைத்த மாதிரி ஒரு திரை வந்தது. டாக்டர்களைக் காணோம்.

“தூங்கறாங்க” என்றான் யாசென். “இப்ப ‘தேடு’ன்னு இருக்கும், அதை அழுத்திட்டுக் காபி குடிங்க. முடிஞ்சதும் கூப்பிடுங்க. எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு.”

மூன்று சதவீதம். ஒன்பது. இருபத்திரண்டு. வெலிச்கா காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டாள். ராங்கெல் அவள் பங்கையும் வாங்கிக் குடித்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நூறு சதவீதம் ஆனது. நாற்பத்தொரு இடத்தில் கிருமி என்றது. கீழே மூன்று பொத்தான்கள் இருந்தன: சுத்தம் செய், தனிமைப்படுத்து, அழி.

யாசென் போனை எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்தான்.

“சுத்தம் செய்-யைத் தொட மாட்டேன்” என்றாள் வெலிச்கா. “காலையில அதை அழுத்தித்தான் இந்தக் கதி.”

“தனிமைப்படுத்துன்னா?”

“கொல்லாம ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வைக்கறதாம்.”

“எதுக்கு? மூணு வேளை சோறு போட்டு வளர்க்கவா? அழி.”

வெலிச்கா அழுத்தினாள். நாற்பத்தொன்றும் போயின. பென்டிரைவை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டார்கள். வாங்கிய முதல் நாள்கூட அது அவ்வளவு வேகமாக வந்ததில்லை. முழங்கால் இல்லை, முடி இல்லை. ராங்கெல் தன் அறைக்குப் போய் ரக்கியா சாராய பாட்டிலும் இரண்டு சின்னக் கிளாஸும் கொண்டுவந்தார். வெலிச்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டியல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாள்.

ஃபோல்டர் சுத்தமாக இருந்தது. அதற்குள் எதுவுமே இல்லை.

ஒன்றே கால் மணிக்கு யாசென் போனை எடுத்தான்.

“அந்த லிஸ்ட்டுக்குள்ளதான் அத்தை அது கூடு கட்டியிருக்கும். சுத்தம் செய்-னு கொடுத்திருந்தா லிஸ்ட் பிழைச்சிருக்கும்.”

“தனிமைப்படுத்துன்னு கொடுத்திருந்தா?”

“அப்பவும் திரும்ப எடுத்திருக்கலாம்.”

“அழி?”

யாசென் பெருமூச்சு விட்டான். “இன்னிக்கு அழி-யை அழுத்தின ரெண்டாவது ஆள் நீங்க.”

வெலிச்கா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வெறுமையாக இருந்தது. சுவரோரம் பன்னிரண்டு பாவாடைகள் ஆணியில் தொங்கின. குளிர்காலத்தில் இந்த ஊரில் அடுப்பு எரியும் பொது இடம் இது ஒன்றுதான். பத்து வருடத்தில் பள்ளிக்கூடம் போய்விட்டது, தபால் ஆபீஸ் போய்விட்டது. இது போவதற்குத் தன் விரலே காரணமாகிவிட்டதே என்று நினைத்தபோது அந்த விரலைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“பழைய வாசகர் கார்டு எல்லாம் எங்க?” என்று கேட்டாள் ரூஸ்கா. பாட்டுக் குழுவின் தலைவி. நல்ல விஷயத்துக்கு வருகிறாளோ இல்லையோ, சங்கதி தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாள்.

“எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொன்னப்போ, அட்டையைப் பாலர் பள்ளிக்குக் கொடுத்துட்டேன்.”

“அவங்க என்ன பண்ணினாங்க?”

“நாரை.”

பாலர் பள்ளியின் கூரையில் நூலில் கட்டித் தொங்கிய நூற்றுச் சொச்சம் அட்டை நாரைகளை ரூஸ்காவும் பாட்டுக் குழுவும் ஏணி போட்டு இறக்கினார்கள். டீச்சர் வாசலை மறித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அடுத்த வாரம் புது அட்டை தருவதாக மேயர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வழிவிட்டாள். வாசகசாலைத் தரையில் நாரைகளைப் பரப்பி, இறக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள்.

“இதுல ‘ர்கி பெட்கோவ்’னு இருக்கு. முன்னாடி கத்திரிச்சுட்டாங்க.”

“கியோர்கி. எழுது.”

“இதுக்கு அலகுதான் இருக்கு. அலகுல ‘மாடு வளர்ப்பு’ன்னு இருக்கு.”

“மாடு வளர்ப்பு எடுத்தது ஸ்தோயில் தாத்தா ஒருத்தர்தான். எழுது.”

வெலிச்கா கையால் எழுதிக்கொண்டே வந்தாள். நாரைகளிலிருந்து தொண்ணூற்றாறு பெயர் கிடைத்தது. பாட்டுக் குழுவின் ஞாபகத்திலிருந்து அறுபத்தொன்று. விஷயம் கேள்விப்பட்டு வந்து, நானும் புத்தகம் எடுத்தவன்தான் என்று நின்றவர்கள் நாற்பத்திரண்டு பேர். இரண்டே முக்காலுக்குக் கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் கூட்டினாள்.

“நூத்தித் தொண்ணூத்தொன்பது.”

பழைய பட்டியலில் இருந்த மீதிப் பேரில் பாதி ஜெர்மனியில் தட்டுக் கழுவப் போனவர்கள். அவர்கள் முகம் ஞாபகம் வந்தது, பெயர் வரவில்லை.

“கோலியோ மாமாவைப் போடு” என்றாள் ரூஸ்கா. “இலையுதிர் காலத்துலதான் செத்தார். புத்தகத்தை நாள் தவறாம திருப்பித் தருவார்.”

“செத்தவங்க வேண்டாம். அது மேலூர் வேலை.”

“என் கழுதை பேரு மார்கோ” என்றார் ராங்கெல். “மனுஷப் பேர்தானே. பின்னாடி என் குடும்பப் பேரைச் சேர்த்துக்கோ. நான் ஆட்சேபிக்க மாட்டேன்.”

“ராங்கெல் அண்ணே, உசிரோட இருக்கணும், மனுஷனா இருக்கணும், இங்கேருந்து ஒரு புத்தகமாவது எடுத்திருக்கணும். இல்லாட்டி எழுத மாட்டேன். முப்பத்தொரு வருஷமா பொய்க் கணக்கு எழுதினதில்லை.”

ரூஸ்கா தொண்டையைச் செருமினாள். “உசிரோட இருக்கிற, மனுஷியா இருக்கிற, புத்தகம் எடுத்த ஒரு ஆள் எனக்குத் தெரியும். சொன்னா அடிப்பே.”

பாட்டுக் குழு மொத்தமும் தரையைப் பார்த்தது. எல்லோருக்கும் தெரியும். வெலிச்காவுக்கும் தெரியும்.

வெளியில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“திருப்பித் தராத வரைக்கும் அவ நம்ம வாசகர்தான்” என்றாள் வெலிச்கா, யாரையும் பார்க்காமல். “விதி அப்படித்தான் இருக்கு.” பேனாவை எடுத்து இருநூறாவது வரியில் எழுதினாள்: சோன்கா வாசிலெவா, மேல் ஒராஷா. எழுதும்போது வெட்கமாக இருந்தது. கொஞ்சம் வேறு மாதிரியாகவும் இருந்தது. அந்தப் பெயரை இருபத்தெட்டு வருடமாக அவள் எழுதியதே இல்லை.

மாவட்டக் கார் ரிப்பேர் என்பதால் ஆய்வாளர் ஹாஜியேவ் மின்சோவின் பஸ்ஸிலேயே வந்திருந்தார். மேலூரில் கொடுத்த தேன் ஜாடியை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வர, ஃபைலையும் பையையும் மின்சோ சுமந்துவந்தார். அந்த வழியில் பஸ் மனிதர்களுக்காகக் காத்திருக்கும்; மின்சோ உள்ளே வந்து உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த பனிட்சாவில் ஒரு துண்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

“ஏன் கையெழுத்துல இருக்கு, மேடம்?” வெலிச்காவின் பெயரைக்கூடக் கேட்காமல் ஹாஜியேவ் பட்டியலைப் புரட்டினார்.

“காலையில கம்ப்யூட்டர்ல வைரஸ் சார்.”

“இன்னிக்குக் காலையில?”

“ஆமா சார்.”

“ம்” என்றார் ஹாஜியேவ். நம்பவில்லை என்பது அந்த ஒரு எழுத்திலேயே தெரிந்தது. “ஆதாரம் ஏதாவது?”

வெலிச்கா ஒரு கூடை நிறைய நாரைகளைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து, இறக்கையைத் திருப்பிப் படித்து, பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். இன்னொன்றை எடுத்தார். ஏழு நாரைக்குப் பிறகு தலையாட்டினார். பென்சிலால் எண்ணிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. பென்சில் நின்றது.

“சோன்கா வாசிலெவா. இவங்க மேலூர்ச் செயலாளர் இல்லையா? இப்பத்தான் அவங்க கையால காபி குடிச்சுட்டு வர்றேன்.”

“எங்ககிட்ட ஒரு புத்தகம் எடுத்திருக்காங்க சார். தக்காளி பத்தி. இன்னும் படிச்சு முடிக்கல.”

“எப்ப எடுத்தாங்க?”

“கொஞ்ச நாளாச்சு.”

ஹாஜியேவ் பென்சிலைக் கீழே வைத்தார். தேன் ஜாடியையும் வைத்தார். “விதியில தடை இல்லை. ஒத்துக்கறேன். ஆனா மேடம், உங்க ரெண்டு பேருக்கும் இருபத்தெட்டு வருஷமா பேச்சே இல்லைன்னு அந்தம்மாவே என்கிட்டச் சொன்னாங்க. தன் வாசகசாலையைக் காப்பாத்த எதிரியோட பேரைப் போய் இருநூறாவதா எழுதிக்குவாங்கன்னு என்னை நம்பச் சொல்றீங்களா? எந்த ஊர்ல நடக்கும் இது?”

மின்சோ பனிட்சாவை மென்று விழுங்கினார். மீசையில் ஒட்டிய துணுக்கைத் தட்டிவிட்டு, மடியில் இருந்த மேலூர் ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கத்தை ஆய்வாளர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“மேலூர்ல நடந்திருக்கு சார், இருநூறாவது பேரு வெலிச்கா தோனெவா.”